சின்ன எழுத்தில் ஓடும் எண்

பெஹாலா மார்க்கெட்டில் அவர் தலை தெரிந்தால் போதும், மீன்காரர்கள் எலெக்ட்ரானிக் தராசை ஒருமுறை துடைத்து, பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். ரிட்டையராகி ஏழெட்டு வருஷம் ஆன மனிதர். கையில் துணிப்பை. பைக்குள் இருநூறு கிராம் பித்தளை எடைக்கல். முதலில் அந்தக் கல்லைத் தராசில் வைப்பார். திரையில் இருநூறு என்று வந்த பிறகுதான் மீனைப் பார்ப்பார். இவர் மீன் வாங்க வந்தாரா, ரெய்டுக்கு வந்தாரா என்று பக்கத்தில் நிற்கிற நமக்கு மானம் போகும்.

எடை அளவுத் துறையில் முத்திரை ஆய்வாளராக இருந்தவர். அலிப்பூரில் ஆபீஸ் என்று பேர்தான்; பெட்ரோல் பங்க், ரேஷன் கடை, அரிசி மில், டாக்ஸி மீட்டர் என்று வெயிலில் அலைந்தே சர்வீஸை முடித்திருக்கிறார். கும்பகோணத்துப் பக்கத்துக் குடும்பம், கல்கத்தாவுக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. நான் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், அப்பா திருநெல்வேலிக்காரர். பெஹாலாவில் மாஷிமா வீட்டின் முதல் மாடிக்கு நாங்கள் குடிவந்தபோது, இரண்டாம் மாடியில் இருப்பவர் தமிழர் என்று கேட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்காரம்மாவைத்தான் மாஷிமா என்கிறேன், கீழ்த்தளத்தில் இருந்தார். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

முதல் வாரத்திலேயே என் வீட்டுக்காரரைப் படியில் மடக்கிவிட்டார். ஆபீஸ் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டார். நாற்பது நிமிஷம் என்று இவர் சொன்னார். உடனே வந்தது கேள்வி: "எங்கேருந்து எங்க வரைக்கும்?" வீட்டு வாசலிலிருந்தா, பஸ் ஏறியதிலிருந்தா, பஸ்ஸுக்கு நின்ற நேரம் கணக்கில் உண்டா, ஆபீஸ் கேட்டா, நாற்காலியா? என் வீட்டுக்காரர் சாது. அன்றைக்கு ஆபீஸுக்கு அரை மணி நேரம் லேட்டாகப் போனார். அதற்குப் பிறகு மாடிக்காரரின் செருப்புச் சத்தம் மேலே கேட்டால் எங்கள் கதவு திறக்காது.

மாஷிமாவுக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று தெர்மாமீட்டர் கொண்டுவந்தார். டாக்டர் பிரஷர் பார்க்கும்போது, இந்த மெஷினைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்று கேட்டார். மெட்ரோ ஸ்டேஷனில் அடுத்த வண்டிக்கு இரண்டு நிமிஷம் என்று பலகை காட்டினால், இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வண்டி வந்ததும் உதட்டைப் பிதுக்குவார். தூரத்திலிருந்து பார்த்தால் வேடிக்கைதான். தினமும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர்களைக் கேட்டால் தெரியும்.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். வங்காளத்து ஜனங்கள் வைத்தியத்துக்குத் தமிழ்நாட்டுக்கு ரயிலேறுவது ஊரறிந்த விஷயம். ஊர் திரும்பிய பிறகு, மாத்திரை ஒத்துக்கொள்கிறதா, தையல் ஆறிவிட்டதா என்று டாக்டர் வீடியோவில் கேட்பார். டாக்டருக்கு வங்காளம் தெரியாது. நோயாளிக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நான். அவர் தமிழில் கேட்பதை நான் வங்காளத்தில் கேட்டு, பதிலைத் தமிழில் சொல்ல வேண்டும். சென்னையில் ஒரு கம்பெனி இதற்காக எங்களைப் போன்றவர்களை வைத்திருந்தது. எல்லாம் வீட்டிலிருந்தே. என் வீட்டுக்காரரின் கம்பெனி மூடிய பிறகு எங்கள் அடுப்பு எரிந்தது இந்த வேலையால்தான்.

இந்த வேலைக்கு வேகம் பெரிதில்லை, தாமதம்தான் பெரிது. நாம் அனுப்புவது அந்தப் பக்கம் போய்த் தொட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதற்குப் பெயர் பிங். அதை மில்லி செகண்டில் சொல்வார்கள். ஆயிரம் சேர்ந்தால் ஒரு செகண்ட். தினமும் காலையில் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டி, சென்னை வரைக்குமான பிங் ஐம்பதுக்குள் இருக்கிறது என்று திரையைப் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்பது கம்பெனி விதி. ஐம்பதைத் தாண்டினால் அன்றைக்கு வேலை கிடையாது.

மூன்று வீட்டுக்கும் சேர்த்து மாஷிமா பேரில் ஒரே இன்டர்நெட் லைன் எடுத்தோம். பெட்டி மாடிப்படி வளைவில் ஆணியில் தொங்கியது. லைன் போட்டவர் நாற்பது வயதுக்காரர். கேபிள் அண்ணன் என்ற அர்த்தத்தில் கேபிள்தா என்று கூப்பிடுவோம். போட்டு முடித்ததும் தன் செல்லில் டெஸ்ட் ஓட்டி என் முகத்துக்கு நேரே நீட்டினார். பிங் நான்கு. எனக்குக் கைதட்டலாம் போலிருந்தது. மேல்படியிலிருந்து வங்காளத்தில் குரல் வந்தது: "கோத்தா தேக்கே கோத்தா பொர்ஜொந்தோ?" அதே எங்கேருந்து எங்க வரைக்கும்தான்.

இறங்கி வந்து செல்லை வாங்கினார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ஊர்ப் பெயரைப் படித்தார். பெஹாலா சௌரஸ்தா. கேபிள்தாவின் ஆபீஸே அங்கேதான் இருந்தது. டெஸ்ட் தானாகவே பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்து, அதுவரைக்கும் அளந்து காட்டியிருக்கிறது. "தராசும் உன்னுது, எடைக்கல்லும் உன்னுதா?" என்று கேபிள்தாவைக் கேட்டுவிட்டு, சென்னையைத் தேர்ந்தெடுத்து மறுபடி ஓட்டினார். நாற்பத்தொன்று வந்தது. அதோடு விட்டாரா? கீழே இன்னும் பொடியாக இரண்டு எண்கள் ஓடின. நானூற்றுச் சொச்சம், அறுநூற்றுச் சொச்சம். பெரிய எண் லைன் காலியாக இருக்கும்போது எடுத்தது, சின்ன எண்கள் லைன் நிறைந்து வழியும்போது எடுத்தவை என்றார். விடியற்காலை ஐந்து மணிக்கு டயமண்ட் ஹார்பர் ரோட்டில் டாக்ஸி ஓட்டிப் பார்த்துவிட்டு, இதுதான் ஆபீஸ் நேரத்து டைம் என்று எழுதி ஒட்டுகிற மாதிரியாம்.

"பெரிய எழுத்து வாங்கறவனுக்கு. நிஜ சரக்கு சின்ன எழுத்துலதான் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் படியேறினார். கேபிள்தா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நானும் சிரித்தேன். ஆனால் மறுநாளிலிருந்து நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். சென்னை வரைக்கும் அளந்தால் சில நாள் நாற்பத்தொன்று, சில நாள் ஐம்பத்தைந்து. ஒருநாள் வேலை போனால் போனதுதான். அதனால் சௌரஸ்தா வரைக்கும் அளந்து, அடியிலிருந்த ஊர்ப் பெயரை வெட்டிவிட்டு, நான்கு என்ற பெரிய எண்ணை மட்டும் தினம் கம்பெனிக்கு அனுப்பினேன். ஒருநாள் மாடிப்படியில் நின்று நான் வெட்டிக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார். எல்லாரும் இப்படித்தான் அனுப்புகிறார்கள் என்று அவர் கேட்பதற்கு முன்பே சொன்னேன். அவர் என் செல்லை ஒருமுறை பார்த்துவிட்டுப் படியேறினார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவருக்கு ஒரே மகள், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. மனைவி காலமாகி ரொம்ப நாளாயிற்று. மகள் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வீடியோவில் வருவாள். ஒருமுறை நான் அடை கொடுக்கப் போனபோது பேசி முடிக்கிற நேரம். நல்லா இருக்கேன்ப்பா, நீங்க உடம்பைப் பார்த்துக்கோங்க என்று சொல்லி அந்தப் பெண் போய்விட்டாள். அடையை வாங்கிக்கொண்டு அவர் சொன்னது இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"நல்லா இருக்கியாம்மான்னு கேட்டேன். லைன் எடுத்துக்கிட்டது அறுபது மில்லி செகண்டு. அவ பதில் சொல்ல ரெண்டு செகண்டு ஆச்சு. மீதி அவளோடது."

எனக்குச் சுருக்கென்றது. பெற்ற மகளைக்கூட இப்படி நிறுத்துப் பார்ப்பார்களா? என்ன மனுஷனய்யா இவர் என்று வீட்டில் வந்து புலம்பினேன். இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அந்தப் பெண் அப்போதே புருஷனைப் பிரிந்து தனியாக வீடெடுத்து இருந்திருக்கிறாள். அவர் கணிப்பு சரிதான். சரியாக இருந்தது என்பதற்காக எனக்கு அவர் மேல் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். காலை பதினொன்றேகால். பர்தமான் பக்கத்து அம்மாள் ஒருவர், அறுபது வயசிருக்கும். அடுத்த வாரம் ஆபரேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மகன் செல்லைப் பிடித்துக்கொண்டிருந்தான். டாக்டர் அவசரக்காரர், நிறைய பேர் காத்திருந்தார்கள். பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டார். நான் வங்காளத்தில் கேட்டேன். பதில் வரவில்லை. டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்: ரத்தம் இளக்குகிற மாத்திரையை நிறுத்தியாயிற்றா? அதையும் கேட்டேன். "ஹ்யா" என்று பதில் வந்தது. ஆம் ஸார், நிறுத்திவிட்டார் என்றேன். எங்கேயாவது ரத்தம் கசிகிறதா? கேட்டேன். "நா" என்று வந்தது. இல்லை ஸார் என்றேன். சரி, திங்கட்கிழமை வரட்டும் என்று டாக்டர் போய்விட்டார்.

அவர் போன பிறகு அந்த அம்மாளின் குரல் வந்தது. "ஏக்டு ஏக்டு." கொஞ்சம் கொஞ்சம் என்று அர்த்தம்.

யாரும் எதுவும் கேட்கவில்லையே, எதற்கு இந்தக் கொஞ்சம் கொஞ்சம் என்று ஒரு நொடி முழித்தேன். அப்புறம்தான் புரிந்தது. பதில்கள் எல்லாம் ஒரு கேள்வி பின்னால் வந்திருக்கின்றன. மாத்திரை போடுகிறேன் என்று அவர் சொன்ன ஆம், நிறுத்திவிட்டேன் என்று போய் விழுந்திருக்கிறது. நிறுத்தவில்லை என்ற இல்லை, ரத்தம் கசியவில்லை என்று ஆகியிருக்கிறது. அந்த அம்மாள் ரத்தம் இளக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, எங்கேயோ ரத்தம் கசிய, திங்கட்கிழமை கத்திக்குப் போகப் போகிறார். நான் அனுப்பி வைத்திருக்கிறேன்.

மூன்றையும் திரும்பக் கேட்டேன். அப்படித்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, தப்பு என்னுடையது என்று சொல்லி டாக்டரைத் திரும்ப வரவழைத்தேன். ஆபரேஷன் தள்ளிப்போயிற்று, அந்த அம்மாள் பிழைத்தார். என் பேரில் புகார் பதிவாயிற்று. சென்னையிலிருந்து சூப்பர்வைசர் அம்மா கூப்பிட்டார். தினமும் பிங் நான்கு என்று அனுப்புகிற லைனில் இப்படி எப்படி நடக்கும் என்று கேட்டார். பத்து நாளைக்குள் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்றார்.

கேபிள்தாவைக் கூப்பிட்டேன். லைன் தங்கம் போல இருக்கிறது, மாஷிமா சீரியல் பார்ப்பதுதான் கோளாறு என்றார். மாஷிமா, தன் டி.வி. கெட்டுப்போய் ஒரு வாரம் ஆகிறது என்றார். வேறு வழியில்லாமல் இரண்டாம் மாடி ஏறினேன். நடந்ததைச் சொன்னேன். எத்தனை மணிக்கு என்று கேட்டார். பதினொன்றேகால். அவர் எழுந்துபோய் ஒரு நீள நோட்டை எடுத்துவந்து, விரலால் தடவி அந்த நாளின் அந்த நேரத்தில் நிறுத்தினார். ஏற்கெனவே அங்கே எழுதியிருந்தது: 11.15, 1940. கிட்டத்தட்ட இரண்டு செகண்ட் தாமதம். பக்கத்தில் பென்சிலில், முதல் மாடி, பேச்சு, ஒரு கேள்விக்குறி.

நான் எப்போது பேசுகிறேன் என்று இவர் எதற்கு எழுதி வைக்க வேண்டும்? முன்னும் பின்னும் பக்கங்களைப் புரட்டினார். கால் மணிக்கு ஒரு வரி, பல இடங்களில் முதல் மாடி, முதல் மாடி. கேபிள்தா திருடுகிறார், நமக்கு விற்ற லைனையே வேறு வீட்டுக்கும் பிரித்துக் கொடுக்கிறார், கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறேன் என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். நான் கேட்கவே இல்லை. என் கண் அந்தப் பென்சில் எழுத்திலேயே இருந்தது.

கீழே வந்து கேபிள்தாவிடம் மறுபடி பேசினேன். பெட்டியின் பாஸ்வேர்டை ஜேட்டுவிடம் கொடுத்திருக்கிறேனே, தெரியாதா என்றார். பெரியவர்களை இங்கே ஜேட்டு என்பார்கள். அப்படியென்றால் யார் வீட்டில் எந்தச் செல் எப்போது ஓடுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அன்றைக்கே மேஜையை அடுக்களைக்கு மாற்றினேன். கதவிடுக்கில் துண்டைச் சொருகினேன். நோயாளிகளின் வியாதியெல்லாம் என் வாயால்தான் போகிறது, அதை ஒருவர் மேலே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால்? படியில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் அதைக் கவனித்தாரா என்றால், அவர் கவனிக்காதது எது?

அவரைப் பிடிக்க வேண்டும் என்றே நானும் எழுதத் தொடங்கினேன். காலண்டரின் பின்பக்கத்தில், குரல் இழுக்கும்போதெல்லாம் மணியைக் குறித்தேன். மூன்று நாள் குறித்த பிறகு பார்த்தால் பத்து, பத்தேகால், பத்தரை, பத்தேமுக்கால். அரை நிமிஷம் இழுக்கும், பிறகு சரியாகிவிடும். டி.வி. பார்க்கிறவர்களோ லைன் திருடுகிறவர்களோ இப்படிக் கடிகாரம் பார்த்துச் செய்ய மாட்டார்கள். கால் மணிக்கு ஒரு வரி வைத்திருக்கும் நோட்டு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை பத்து இருபத்தைந்துக்கு மேலே போனேன். கதவு திறந்தே இருந்தது. மேஜையில் லேப்டாப். பத்தரை ஆனதும் யாரும் தொடாமலே அதில் டெஸ்ட் ஓட ஆரம்பித்தது. முள் விர்ரென்று ஏறியது. கால் மணிக்கு ஒருமுறை தானாக ஓடும்படி வைத்திருக்கிறார். லைன் முழுவதையும் நிரப்பிப் பார்த்தால்தானே வேகம் தெரியும்? அப்படி நிரப்புகிற அரை நிமிஷத்தில் எங்கள் எல்லோருடைய குரலும் வரிசையில் நிற்கும். அவர் சொன்ன டாக்ஸி மாதிரிதான். டாக்ஸி ஓட எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க, ரோடு பூராவும் இவரே லாரியை விட்டிருக்கிறார்.

சொன்னேன். நம்பவில்லை. நம்பினால்தான் ஆச்சரியம். சரி, காட்டுகிறேன் என்று என் வீட்டுக்காரரைக் கீழ்ப்படியில் நிற்க வைத்தேன். செல்லில் எனக்கு வீடியோ போட்டு, சத்தமாக எண்ணச் சொன்னேன். அவர் குரல் மாடிப்படி வழியாக நேராகவும் வரும், செல் வழியாகவும் வரும். பத்தே நாற்பத்துநாலு. ஒன்று, இரண்டு, மூன்று என்று இரண்டும் கிட்டத்தட்டச் சேர்ந்தே வந்தன. மாஷிமா கதவைத் திறந்து, இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார். பத்தேமுக்கால் ஆயிற்று. முள் ஏறியது. படியிலிருந்து பதினெட்டு என்று கேட்டது. செல்லில் அவர் வாய் அப்போதுதான் பதினாறு என்றது.

பெரியவர் கையை உயர்த்தினார். இன்னொரு முறை. டெஸ்ட்டை நிறுத்திவிட்டு ஒரு முறை, ஓடவிட்டு ஒரு முறை, சென்னைக்குப் பதில் வேறு ஊரை வைத்து ஒரு முறை. என் வீட்டுக்காரருக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. டெஸ்ட் ஓடியபோதெல்லாம் குரல் இழுத்தது, நிறுத்தியபோது இழுக்கவில்லை. பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். அத்தனை வரியும் அவர் கை செய்த கோளாறையே அவர் கை எழுதி வைத்தது. முதல் மாடி, பேச்சு என்ற இடத்துக்கு வந்தபோது, நான் கேட்காமலே சொன்னார்.

"நீங்க பேசறப்போ குரல் திக்கறது மாடிப்படியில கேட்கும்மா. உங்களுக்கு எந்த நேரத்துல கஷ்டமா இருக்குன்னு குறிச்சேன். அவனைப் பிடிச்சா உங்களுக்கு ஆகும்னு."

நான் துண்டு சொருகிய கதவிடுக்கு ஞாபகத்துக்கு வந்தது. இதற்கு நடுவில் அவர் எழுந்துபோய் ஒரு துணிப்பை, சணல் கயிறு, அரக்கு எல்லாம் எடுத்துவந்தார். பொய்த் தராசு கிடைத்தால் அதைக் கட்டி முத்திரை வைத்து, மகஜர் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்குவது அவர்கள் துறை வழக்கம். தன் லேப்டாப்பையே பையில் போட்டு, கயிறு சுற்றி, அரக்கை உருக்கி முடிச்சில் வைத்தார். சாட்சி நான். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

பிறகு என் கம்பெனிக்கு எழுதினார். இரண்டு தாள், பேனாவில், ஆபீஸ் இங்கிலீஷில். ஒவ்வொரு தாளின் அடியிலும் முழுக் கையெழுத்து, தேதி. அதுவும் துறை வழக்கம்தான். லேப்டாப் கட்டுக்குள் போய்விட்டதால், நீங்களே படமெடுத்து அனுப்பிவிடுங்கள் என்று என்னிடம் கொடுத்தார். முதல் தாளில் இரண்டு விஷயங்கள். ஒன்று, மேற்படி நாளில் ஏற்பட்ட தாமதத்துக்கு இந்த ஆய்வாளரின் சோதனையே காரணம். இரண்டு, மேற்படி பெண்மணியிடம் குற்றமில்லை, தவறு தெரிந்த உடனே தானே முன்வந்து திருத்தியிருக்கிறார். இரண்டாம் தாளில் ஒரே ஒரு விஷயம். மூன்று, மேற்படி பெண்மணி தினமும் அனுப்பும் நான்கு என்ற எண் சென்னை வரைக்குமானதல்ல, உள்ளூர் வரைக்குமானது. ஊர்ப் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. இந்த எண்ணை நம்ப வேண்டாம்.

"ஸார், இது என்ன ஸார்? என் வேலையக் காப்பாத்தவா எழுதிருக்கீங்க, பறிக்கவா?"

"மூணாவது தப்பா இருந்தா அடிச்சிடுங்கம்மா. பார்க்காததை நான் எழுதறதில்லை. ஆனா பார்த்ததுலயும் தப்பு இருக்கும்னு இன்னிக்குத் தெரிஞ்சுகிட்டேன். நீங்க சொன்னா சரி."

அது தப்பாக இல்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவருக்குத் தெரியும் என்றுதான் அப்போது நினைத்தேன். என்னையும் தராசில் ஏற்றுகிறார், அந்தப் பித்தளைக் கல்லை இன்னொரு தட்டில் வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கிறார் என்று கோபம் கோபமாக வந்தது. கீழே வந்தேன். அடுக்களை மேஜையில் இரண்டு தாளையும் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். முதல் தாளை மட்டும் படமெடுத்து அனுப்பினேன். அடியில் கையெழுத்து இருந்தது, தேதி இருந்தது. அது முழுக் கடிதம் இல்லை என்று யாருக்கும் தோன்றாது.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் அம்மா கூப்பிட்டார். தன் மேலேயே புகார் எழுதிக் கொடுக்கிற ஆள் உலகத்தில் உண்டா, நீங்களாக எழுதி வாங்கியதா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். அப்படியானால் அவர் நம்பரைக் கொடுங்கள், நானே பேசுகிறேன் என்றார். கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்வது? மேலே அவர் செல் அடிப்பது கேட்டது. பேசுவது கேட்கவில்லை. இவர் எதையும் அரைகுறையாகச் சொல்கிறவர் இல்லை, மூன்றாவதைச் சொல்லிவிடுவார், என் கதை முடிந்தது என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கட்டில் நின்றேன்.

அவரே இறங்கி வந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

"லெட்டர்ல இருக்கறது முழுக்க உண்மையா, எதையாவது மறைச்சிருக்கீங்களான்னு அந்தம்மா கேட்டாங்க. முழுக்க உண்மை, ஒரு விஷயத்தையும் விடலைன்னு சொன்னேன். உங்க வேலைக்கு ஒண்ணும் வராது." படிப் பக்கம் திரும்பியவர், "ரெண்டு தாளும் போச்சில்லம்மா?" என்றார்.

"போயிருச்சு ஸார்" என்றேன்.

காட்டுங்கள் என்று அவர் கேட்கவில்லை. செல் என் கையிலேயேதான் இருந்தது. தலையாட்டிவிட்டுப் படியேறினார். முப்பது வருஷம் மற்றவர்களின் முத்திரையை உடைத்துப் பார்த்தவர், தன் கையெழுத்துக்குக் கீழே ஒரு பொய்யை முதல் தடவையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவருக்கே தெரியாமல்தானோ என்னவோ. சொல்ல வைத்தது நான்.

வேலை நிலைத்தது. அந்த வாரத்திலிருந்து சென்னை வரைக்கும் அளந்து, எதையும் வெட்டாமல் அனுப்புகிறேன். ஐம்பதைத் தாண்டுகிற நாளில் சும்மா இருக்கிறேன். அதனால் எதுவும் நேராகிவிடவில்லை. அடுத்த வருஷம் மகள் வந்து அவரை பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கிளம்புகிற அன்று சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். சாமான் ஏற்றுகிறவர்களோடு அவர் ஏதோ தகராறில் இருந்தார், சொல்லவில்லை. இப்போது மூன்று வருஷம் ஆகிறது. அன்றைக்கு வாசலில் நின்று கேட்டாரே, தெரிந்துதான் கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று நினைக்காத நாள் இல்லை. அவர் அந்த வீட்டில் இருந்தவரைக்கும், இந்த மனுஷன் என்னைச் சந்தேகப்படாமல் இருக்கக் கூடாதா என்று எத்தனையோ தடவை சலித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது, அந்த ஒரு நிமிஷமாவது அவர் என்னை நம்பாமல் இருந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.